ஒரு சோறு பதமாகுமா?



இந்தச் சூலியா தெருவும் இதனை அடுத்துள்ள தெருக்களும் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகச் சரக்கு மூட்டைகளோடு வாழ்ந்து வருபவை. சோழமண்டலக் கரையிலிருந்து இங்கு வந்த நம் முன்னோர் மூட்டையைக் குத்தூசியால் குத்தி, ஒரு பிடி எடுத்து, முகர்ந்து, கடித்துப் பார்த்து விலை சொன்னார்கள். கண்ணும் மூக்கும் நாவுமே அவர்களுடைய ஆய்வுக்கூடம். இம்மூன்றுக்கும் அகப்படாத ஒரு நஞ்சு உண்டு. அதனை அளந்தறியும் பணியில், மாதிரியை ஆயத்தம் செய்து வடிகட்டும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைப்பது குறித்தே இன்று பேச வந்துள்ளேன்.

அந்நஞ்சின் பெயர் அஃப்ளாடாக்சின். ஈரம் பட்ட நிலக்கடலையிலும் சோளத்திலும் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் அதனைச் சுரக்கிறது. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோதுதான் அறிவியல் உலகம் அதனை அடையாளம் கண்டது. நமக்கு அது தொலைவான செய்தியன்று. 1988 அக்டோபரில், நம் அண்டை மாநிலமான பேராக்கில், நூடல்ஸ் உண்ட 13 குழந்தைகள் இறந்தனர். முதலில் போரிக் அமிலத்தின்மீது ஐயம் எழுந்தது. பின்னர் வெளிவந்த மருத்துவ ஆய்வு, கடுமையான அஃப்ளாடாக்சின் நச்சேற்றமே காரணம் என்றது.

மேலும் பதப்படுத்துவதற்கான நிலக்கடலையில் இந்நஞ்சு கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது கோடெக்ஸ் அனைத்துலக உணவுத் தர அமைப்பின் வரம்பு. நூறு கோடிப் பங்கில் 15 பங்கு என்று கொள்ளலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானையில் வெப்பம் எங்கும் பரவுவதால் அது சோற்றுக்குப் பொருந்தும். கடலைக்குப் பொருந்தாது. ஆயிரம் பருப்புகள் தூயனவாக இருக்க, ஒரே ஒரு பருப்பில் நஞ்சு மிகுந்திருக்கலாம். ஆதலால்தான் 25 டன் சரக்குக்கு 100 இடங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து, 20 கிலோ மாதிரி சேர்க்கச் சொல்கிறார்கள். அந்த 20 கிலோவையும் நுண்மாவாக அரைத்துக் கலந்த பின்னரே அதிலிருந்து சிறு பகுதி ஆய்வுக்குச் செல்கிறது.

அதன் பின்பு நடப்பது என்ன? மாவோடு மெத்தனாலும் நீரும் சேர்த்துக் குலுக்குவர். கரைசலை வடிதாளில் வடிப்பர். அஃப்ளாடாக்சினை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் நிரம்பிய சிறு குழாயின் வழியே அதனைச் செலுத்திக் கழுவி, நஞ்சைப் பிரித்தெடுப்பர். அளக்கும் கருவிக்குள் புகுமுன், 0.45 அல்லது 0.2 மைக்ரோமீட்டர் துளையுடைய சவ்வில் மீண்டும் வடிப்பர். அக்கருவியின் குழாய் மிக நெருக்கமாக நிரப்பப்பட்டது. நுண்துகள் புகுந்தால் அடைத்துக்கொள்ளும். அளவிடுதல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மணிக்கணக்கில் ஆவது இந்த ஆயத்த வேலைக்கே.

பிழையும் இங்கேதான் புகுகிறது. சிரிஞ்சை அவசரமாக அழுத்தினால் சவ்வு கிழியும். பொருந்தாத சவ்வைத் தேர்ந்தால், நாம் தேடும் பொருளையே அது உறிஞ்சிக்கொள்ளும். நஞ்சு இருந்தும் இல்லை என்று முடிவு வரும். நாளெல்லாம் சிரிஞ்சை அழுத்தும் கையும் சோர்வடையும். காலையில் வடித்த முதல் மாதிரியும் மாலையில் வடித்த நாற்பதாவது மாதிரியும் ஒரே கவனத்தைப் பெறுவதில்லை.

இச்சோர்வைத் தீர்க்கும் முயற்சி நெடுநாளையது. 1957இல் அமெரிக்காவின் லெனர்ட் ஸ்கெக்ஸ், இரத்த மாதிரிகளைக் காற்றுக் குமிழ்களால் பிரித்து ஒரே குழாயில் ஓடவிடும் தானியங்கிப் பகுப்பாய்வியை வெளியிட்டார். புரதத்தை வடிதாளில் வடிக்காமல், ஓடும் போதே ஒரு சவ்வின் வழியே விலக்கினார். 1982இல் சைமார்க் நிறுவனம் மாதிரி ஆயத்தத்துக்கென்றே ஓர் இயந்திரக் கையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய தானியங்கிகள் கரைப்பானை அளந்து ஊற்றுகின்றன. ஒரே வேகத்தில் அழுத்தி வடிக்கின்றன. அழுத்தம் மிகுந்தால் நிறுத்துகின்றன. எந்தக் குப்பி எந்தச் சரக்குக்கு உரியது என்பதையும் பதிந்து வைக்கின்றன.

எனினும் ஓர் எச்சரிக்கை உண்டு. மனிதனின் பிழை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறும். இயந்திரத்தின் பிழை, நூறு குப்பிகளிலும் ஒரே இடத்தில் விழும். எல்லாம் ஒன்றுபோல் இருப்பதால் சரியென்றே தோன்றும். முன்னைய மாதிரியின் எச்சம் அடுத்ததில் கலக்கவும் கூடும். ஆகவேதான் இடையிடையே நஞ்சற்ற வெறுங்கரைசல் ஒன்றையும், நஞ்சின் அளவு முன்கூட்டியே தெரிந்த மாதிரி ஒன்றையும் இயந்திரத்துக்குக் கொடுத்துச் சோதிக்கிறோம். அவ்விடையைப் படித்து ஐயுறுவது மனிதனின் வேலை. சிரிஞ்சிலிருந்து விடுபட்ட கை அந்த ஐயத்துக்குப் பயன்பட வேண்டும். ஆளைக் குறைப்பதற்கு மட்டும் பயன்படுமானால் நாம் பெற்றது வேகமேயன்றி நம்பகமன்று.

வணிகப் பெருமக்களே, எந்த இயந்திரமும் தன்னிடம் வந்த மாவைத்தான் அறியும். வராத மூட்டையை அறியாது. வாயிலருகே கிடக்கும் ஒரு மூட்டையை மட்டும் குத்தி மாதிரி அனுப்பினால், மிகச் சிறந்த தானியங்கியும் அந்த ஒரு மூட்டைக்கே சான்று சொல்லும். தவறான முடிவு ஒரு பக்கம் நேர்மையான வணிகரின் சரக்கை அழிக்கும். மறுபக்கம் ஒரு குழந்தையின் தட்டில் போய் விழும். எனவே அடித்தட்டு மூட்டையையும் திறந்து காட்டுங்கள். கிடங்கை ஈரமின்றி வையுங்கள். குத்தூசி உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆய்வின் முதற்படி ஆய்வுக்கூடத்தில் தொடங்குவதில்லை, இத்தெருவில் தொடங்குகிறது.