நின்றுபோன கட்டளை



மாத்தளை மாவட்டத்து எல்கடுவ மலைச்சாரலில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையை எண்ணிப் பாருங்கள். வாடிய கொழுந்து உருட்டும் இயந்திரத்துக்குப் போகிறது. உருண்டது சல்லடைக்கும், பின்னர் உலர்த்தும் அடுப்புக்கும் செல்கிறது. முன்னிருந்து வரவேண்டியது வராவிடில், பின்னால் நிற்பவர் கைகட்டி நிற்பார். அவர் சோம்பேறியல்லர், காத்திருக்கிறார். கணினியில் ஒரு கட்டளை அசையாமல் நிற்கும்போதும் பெரும்பாலும் நிகழ்வது இதுவே.

யூனிக்ஸ் என்னும் இயக்க முறை 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதற்கென எழுதிய நிரல்களை விண்டோஸ் கணினியிலும் இயங்கச் செய்வதற்காகச் சிக்னஸ் நிறுவனத்தார் 1995இல் தொடங்கிய இணக்க அடுக்கே சிக்வின். கட்டளை நின்றவுடன் மின்விசையை அணைத்துவிடுவோர் உளர். பாதி எழுதிய கோப்பு பாழாகலாம். அதைக் காட்டிலும், காரணத்தை அறியும் வாய்ப்பும் அதோடு போய்விடும்.

ஆகவே, அது எதற்காகக் காத்திருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். கிரெப் கட்டளைக்குக் கோப்பின் பெயரைத் தர மறந்தால், அது விசைப்பலகையையே நோக்கி அமர்ந்துவிடும். வேறொரு சாளரத்தைத் திறந்து சிக்வினின் பீ-எஸ் கட்டளையை இட்டால், வரியின் தொடக்கத்தில் ஐ என்ற ஆங்கில எழுத்து தோன்றக்கூடும். உள்ளீட்டுக்குக் காத்திருக்கிறது என்பதே அதன் பொருள். நீண்ட நிரலாயின் தொடக்கத்தில் செட் மைனஸ் எக்ஸ் என்று எழுதுக. கடைசியாகத் தொடங்கிய வரி எது என்பது திரையிலேயே தெரியும்.

குழாய்வழி இணைந்த கட்டளைகளின் சிக்கல் சற்று நுட்பமானது. அனுப்புவோர் அனைவரும் தத்தம் வாயிலை மூடினால்தான், வாங்குபவருக்கு இனி வராது என்பது தெரியும். பின்னணியில் மறந்துவிட்ட ஒரு நிரல் வாயிலைத் திறந்தே வைத்திருந்தால், வாங்குபவர் என்றென்றும் காத்திருப்பார். தவறு ஓரிடம், தண்டனை வேறிடம்!

விண்டோஸ் நிரல்களுக்கு இன்னொரு தொல்லையுண்டு. சிக்வினின் பழைய பதிப்புகளில், மின்ட்டி சாளரத்துள் பைத்தனை அழைத்தால், தான் பேசுவது மனிதனோடு என்பதை அது அறியாது. எதிரே ஒரு குழாய் இருப்பதாகவே கருதும். வரவேற்புக் குறியும் வாராது. வின்-பீ-ட்டீ-ஒய் என்ற துணை நிரல் வழியே அழைத்தால் பேசத் தொடங்கும்.

இவை எதுவும் இல்லையாயின், கிளைத்தலை ஐயுறலாம். யூனிக்ஸ் நிரல் தன்னைத் தானே படியெடுத்துக் குழந்தை நிரலைப் பெறுகிறது. விண்டோஸில் அதற்கு நேரான வழி இல்லாமையால், சிக்வின் புதிய நிரலொன்றைத் தோற்றுவித்து, தாயின் நினைவகத்தை அதில் நகலெடுக்கிறது. நச்சுநிரல் தடுப்புக் காவலர்கள் இடையே புகுந்தால் இப்பணி குலைகிறது. காவலரைச் சிறிது நேரம் நிறுத்தி, அதே கட்டளையை மீண்டும் இட்டுப் பார்க்கலாம். அது ஓடினால் குற்றவாளி யார் என்பது விளங்கும். காவலரை மறுபடி பணியில் அமர்த்த மறக்கலாகாது.