கணக்கு நம்ம கையிலே



கண்டி ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரானது. அந்தக் காலத்தில் நம்ம பேரை எழுதினவர் கணக்கப்பிள்ளை. கடனை எழுதினவர் பெரிய கங்காணி. கடனைக் காட்டும் ‘துண்டு’ நம்ம முன்னோரைக் கட்டிப் போட்டது. 1921இல் துண்டு முறை ஒழிந்தது. ஆனால் கணக்கு நம்ம கைக்கு வந்துவிட்டதா?

இன்று பிள்ளைகள் லயத்தில் இருந்தே இணையவழிக் கல்லூரிப் பாடமாகக் கணக்குப் பதிவியல் படிக்கலாம். படிக்கிறவர்களுக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான்: முதல் பயிற்சியை வீட்டுச் சம்பளச் சீட்டிலே செய்யுங்கள்.

சம்பளம் 10,000 ரூபா என்று வைப்போம். சேமலாப நிதிக்கு நம்மிடம் பிடிப்பது 8 வீதம், அதாவது 800 ரூபா. கம்பனி அதோடு 12 வீதம், 1,200 ரூபா சேர்க்கணும். நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 300 ரூபா. அது முழுக்கக் கம்பனி போடும் காசு. நம்ம சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

இரட்டைப் பதிவு என்றதும் பயப்பட வேண்டாம். கடனுக்கு அரிசி வாங்கினால், அரிசி வந்தது ஒரு பதிவு, கடன் ஏறினது மறு பதிவு. இரண்டும் நம்ம கொப்பியில் இருந்தால், கடைக்காரர் கொப்பியோடு ஒத்துப் பார்க்கலாம். சீட்டுக்கும் மரண உதவிச் சங்கத்துக்கும் இதே கணக்குத்தான்.

இந்த மாதச் சம்பளச் சீட்டை அடுப்பில் போட்டுவிடாதீங்க. கொப்பியில் ஒட்டி வையுங்க. அம்மா பேரை எண்ணிச் சொல்லட்டும், பிள்ளை எழுதட்டும்.