கையின் சாயலில் ஓர் அச்செழுத்து



அச்சு, தன் தொடக்க காலத்தில் கையெழுத்தைப் பார்த்தே வடிவம் கொண்டது. 1501ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூசியஸ் என்னும் பதிப்பாளர், இலத்தீன் பெருங்கவிஞர் வர்ஜிலின் படைப்புகளைக் கையடக்க நூலாக வெளியிட்டார். அதற்கென பிரான்செஸ்கோ கிரிஃபோ செதுக்கித் தந்த எழுத்து, அக்காலக் கற்றோர் விரைந்தெழுதிய சாய்ந்த கையெழுத்தின் சாயல் உடையது. இன்று சாய்வெழுத்து என்று வழங்கும் வகை இவ்வாறே பிறந்தது. முழுக் கவிதை நூலையும் தாங்கிய அவ்வெழுத்து, பின்னாளில் நிமிர்ந்த எழுத்துகளின் நடுவே ஒரு சொல்லை வேறுபடுத்திக் காட்டும் பணியளவில் சுருங்கிற்று.

1953இல் பிரான்சு நாட்டின் ரோஜே எக்ஸ்கோஃபோன் ‘மிஸ்ட்ரல்’ என்னும் எழுத்துருவைப் படைத்தார். தம் கையெழுத்தையே அடிப்படையாகக் கொண்டு, உலோக அச்சிலும் எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோத்து ஓடும்படி அதை அமைத்தார்.

தமிழின் நிலை வேறு. நம் எழுத்துகள் பெரும்பாலும் தனித்து நிற்பவை. எழுதுவோரின் தனித்தன்மை இணைப்பில் இல்லை. இகரத்தின் சுழியிலும், கொம்பின் வளைவிலும், ழகரத்தின் இறக்கத்திலும் உள்ளது. ஆதலால் அச்செழுத்தைக் கணிப்பொறியில் சாய்த்துவிட்டால் மட்டும் அது கையெழுத்தாகிவிடாது. மேலும், 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின், ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய துதிக்கை வடிவங்கள் அச்சிலிருந்து படிப்படியாக விலகின. ஆனால் அவ்வடிவில் எழுதிப் பழகிய முதியோரின் கைகளில் அவை தொடர்ந்து வாழ்ந்தன. அத்தகைய ஒருவரின் கையெழுத்தை எழுத்துருவாக்குவோர் அவற்றைத் ‘திருத்தி’ அமைப்பாராயின், மிஞ்சுவது அவர் கையெழுத்தன்று.

இவ்வகை எழுத்துரு எங்கே பொருந்தும்? அழைப்பிதழ், வாழ்த்துமடல், நூலின் முகப்பு, கவிதைத் தலைப்பு, காணிக்கை வரி ஆகிய இடங்களில் அது அழகு சேர்க்கும். பக்கம் பக்கமாக நீளும் கட்டுரைக்கு ஆகாது, கண் சோர்ந்துவிடும். மனிதக் கை ஒரே அகரத்தை இருமுறை ஒன்றுபோல் எழுதுவதில்லை. எழுத்துருவோ நூறு முறையும் ஒன்றையே தரும். ஓரெழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்களை வைத்து மாற்றி மாற்றி இடும் வசதி இன்று உண்டு. எனினும், அந்த மாற்றம் விதியால் வருவது. எழுதுபவரின் மனநிலையால் வருவதன்று.

கவிஞர்கள் கருத வேண்டியது இதுவே. எழுத்துரு, கையின் தோற்றத்தைத் தரும், தயக்கத்தைத் தராது. ஒரு சொல்லை அடித்து, அதன் மேல் வேறொரு சொல்லை எழுதி, மீண்டும் முதற்சொல்லுக்கே திரும்பிய தடம் கையெழுத்துப் படியில் மட்டுமே கிடைக்கும். கவிதை பிறந்த வழி அங்கேதான் தெரிகிறது.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டம், உறுப்பினர்களின் கையெழுத்தில் எழுத்துருக்கள் செய்ய முன்வருமாயின் அது நற்பணியே. அதற்கு முன்பாக அவர்தம் கையெழுத்துப் படிகளை, அடித்தல் திருத்தல்களோடு, படமெடுத்துக் காத்தல் வேண்டும். எழுத்துருவை என்றும் செய்துகொள்ளலாம். செல்லரித்துப் போன தாளை மீட்க இயலாது.