விளங்காத பேச்சுக்கு "ஆமாங்க" வேண்டாம்

(தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில், கல்முனையிலிருந்து வந்திருந்த பேச்சாளர் ஆற்றிய உரை)



எங்கள் ஊர் கடலோரம், உங்கள் ஊர் மலை. நாங்கள் வயலையும் கடலையும் நம்பி இருக்கிறோம், நீங்கள் கொழுந்தை நம்பி இருக்கிறீர்கள். ஆனாலும் நம் இரண்டு பேருக்கும் ஒரு கஷ்டம் பொதுவானது. வீட்டில் பேசுவது தமிழ். பொலிசுக்கோ, பெரிய கந்தோருக்கோ போனால் எதிரே இருப்பவர் பேசுவது பெரும்பாலும் சிங்களம். அங்கே அரைகுறையாக விளங்கியதற்கு நாங்கள் "ஓம்" என்று தலையாட்டுவோம், நீங்கள் "ஆமாங்க" என்பீர்கள். அந்த ஒரு சொல் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

எங்கள் மாவட்டத்தின் கச்சேரி அம்பாறை நகரில் இருக்கிறது. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று எல்லாம் தமிழ் பேசும் ஊர்கள். அம்பாறை நகரில் சிங்கள மக்களே அதிகம். அங்கே முஸ்லிம் ஒருவர் நடத்திய சாப்பாட்டுக்கடையில் 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, சாப்பிட வந்தவர் ஒருவர் கறியில் ஏதோ ஒரு கட்டியைக் கண்டார். "இது மலட்டு மாத்திரை, சிங்கள ஆட்களுக்குப் பிள்ளை பிறக்காமல் செய்ய இவர்கள் கலக்கிறார்கள்" என்று சத்தம் போட்டார். கூட்டம் சேர்ந்துவிட்டது. கடைக்காரருக்குச் சிங்களம் சரியாக வராது. என்ன கேட்கிறார்கள் என்று விளங்காமல், மாக்கட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று எண்ணி, பயத்தில் போட்டதாகத் தலையாட்டிவிட்டார். அதைத் தொலைபேசியில் படம் பிடித்தார்கள். "ஒப்புக்கொண்டான்" என்று பேஸ்புக்கில் ஊரெல்லாம் பரப்பினார்கள். அன்று இரவே கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள், வாகனங்களைச் சேதப்படுத்தினார்கள்.

பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் அந்தக் கட்டியைச் சோதித்துப் பார்த்தது. அது மாவு. மருந்து எதுவும் இல்லை. சாப்பாட்டில் கலந்து ஒரு மனிதனை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரையே கிடையாது என்று டாக்டர்மாரும் சொன்னார்கள். ஆனால் அந்த அறிக்கை வருவதற்குள் பொய் மலை ஏறிவிட்டது. மார்ச் மாத ஆரம்பத்தில் திகன, தெல்தெனிய பகுதிகளில் என்ன நடந்தது என்று கண்டிப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அங்கே கலவரம் வெடித்ததற்கு உடனடிக் காரணம் வேறு. ஒரு லொறி சாரதி அடிபட்டு இறந்துபோனார். அது பெரிய பாவம். ஆனால் அந்தத் துக்கத்தை நெருப்பாக்க அம்பாறைப் பொய்யும் உதவியது. மார்ச் 6ஆம் திகதி நாட்டில் அவசரகால நிலை பிரகடனமானது. 2020 மே மாதம் பேஸ்புக் நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. இரண்டு வருஷம் கழித்து வந்த மன்னிப்பு எரிந்த வீட்டுக்குக் கூரை போடுமா?

அடுத்த வருஷமும் அதே பொய் வேறு சட்டை போட்டு வந்தது. குருநாகல் வைத்தியசாலையில் வேலை செய்த டாக்டர் ஷாபி, ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்குத் தெரியாமல் கருத்தடை செய்தார் என்று எழுதினார்கள். 2019 மே 24இல் அவரைப் பிடித்தார்கள். அடுத்த மாதமே, அதற்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் ஜூலை கடைசியில்தான் பிணை கிடைத்தது. நிறுத்தி வைத்திருந்த சம்பள பாக்கி 2022இல் கைக்கு வந்தபோது அவர் என்ன செய்தார் தெரியுமா? நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு இருந்த நேரம் அது. மருந்து வாங்கும்படி அந்தப் பணத்தை அப்படியே கொடுத்துவிட்டார். பழி அந்த மனிதரின் மனதைக் கெடுக்கவில்லை.

பழி புதிய விஷயம் அல்ல. கல்முனைக்குப் பக்கத்தில் காரைதீவு. அங்கே கண்ணகை அம்மன் கோயில் இருக்கிறது. கோவலன் கையில் இருந்த சிலம்பை உடைத்துப் பார்த்திருந்தால் உள்ளே இருப்பது மாணிக்கம் என்று தெரிந்திருக்கும். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. திருடிய தட்டானின் பேச்சைக் கேட்ட அரசன், பார்க்காமலே தீர்ப்புச் சொன்னான். எங்கள் வேதத்தில் யூசுப் நபியின் சட்டை பின்னால் கிழிந்திருந்தது. அவர் குற்றமற்றவர் என்பதற்கு அதுவே சாட்சி. பார்த்தும் சிறையில் போட்டார்கள். ஆகவே உண்மை தானாகவே ஜெயிக்கும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. உண்மைக்கும் துணை வேண்டும்.

என்ன துணை? நாலு காரியம் சொல்கிறேன், வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

முதலாவது, விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். "மட தேரென்னே நே" என்று சிங்களத்திலேயே சொல்லலாம். அது வெட்கம் இல்லை. கொழும்பில் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகிற பிள்ளைகள் முதலில் படிக்க வேண்டிய வசனம் இதுதான். அங்கே சங்கிலி காணாமல் போனால் முதலில் கை நீட்டுவது தோட்டத்துப் பிள்ளையை நோக்கித்தான்.

இரண்டாவது, வாசிக்காத கடுதாசியில் கையெழுத்தும் வேண்டாம், பெருவிரலும் வேண்டாம். 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. பொலிசில் எழுதும் வாக்குமூலத்தை உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும், நீங்கள் திருத்தவும் சேர்க்கவும் இடம் கொடுக்க வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் சொல்கிறது. அதைக் கேட்பது சலுகை அல்ல, உரிமை.

மூன்றாவது, அன்றைக்கே எழுதி வையுங்கள். எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த மலையில் வேலை, பக்கத்து நிரையில் யார் நின்றார்கள் என்று கொப்பியில் குறியுங்கள். எழுதத் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து ஞாபகம் தடுமாறும், கொப்பி தடுமாறாது.

நாலாவது, அவமானத்தில் வேலையை விட்டுவிடாதீர்கள். "பேசாமல் விலகல் கடிதம் கொடுத்துவிட்டால் கேஸ் இல்லை" என்று சிலர் ஆசை காட்டுவார்கள். கொடுத்தால் நீங்களே குற்றத்தை ஏற்றுக்கொண்ட மாதிரி ஊர் பேசும். குற்றச்சாட்டுக் கடிதம் வந்தால் தோட்டத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், சொன்ன நாளுக்குள் பதில் கொடுங்கள். அநியாயமாக வேலையிலிருந்து நிறுத்தினால் தொழில் நியாய சபைக்குப் போகலாம். ஆனால் 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நாள் கடந்தால் கதவு மூடிவிடும்.

இவ்வளவும் நம்மேல் பழி வரும்போது. அடுத்தவர்மேல் வரும்போது நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம்? லயத்தில் ஒரு வீட்டில் பணம் காணவில்லை என்றால், யாரும் பார்க்காமலே ஒரு பெயர் பீலிக்கரையில் உருளத் தொடங்கிவிடுகிறது. அது எப்போதும் ஏழையின் பெயர், குடிகாரனின் மகன் பெயர், புதிதாக வந்த மருமகள் பெயர். இரண்டு நாள் கழித்துப் பணம் அலுமாரிக்குப் பின்னால் கிடைக்கும். கிடைத்த செய்தியைச் சொல்ல ஒருவரும் வீடு வீடாகப் போவதில்லை. அந்தப் பிள்ளை மட்டும் தலை குனிந்தே பள்ளிக்கூடம் போகும்.

அம்பாறையில் அந்த இரவு அத்தனை பேர் கூடி நின்றார்கள். "பொறுங்கள், தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்போம்" என்று சொல்ல ஒரு குரல் போதாமல் போய்விட்டது. உங்கள் கையில் உள்ள போனுக்கு நாளைக்கு ஒரு வீடியோ வரும். யாரோ ஒருவர் அதில் தலையாட்டுவார். அதை அடுத்தவருக்கு அனுப்ப விரல் போகும்போது, அவர் எந்த மொழியில் எந்தக் கேள்விக்குத் தலையாட்டினார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். விளங்காவிட்டால் அனுப்ப வேண்டாம்.