ஊற்றுக்கு வழி காட்டிய கால்கள்

இன்று நாம் இந்தோனேசியாவின் ஜாவா தீவுக்குச் செல்வோம். கடலோரத்தை விட்டு உள்ளே, மெனோரே குன்றுகளில் செண்டாங்சோனோ என்றொரு சிற்றூர். செண்டாங் என்றால் ஊற்று. சோனோ அங்கு வளரும் மரம். வழிப்போக்கர்கள் இளைப்பாறிய இடம் அது.

1904 டிசம்பர் 14 அன்று அந்த ஊற்றின் நீரால் இயேசு சபைத் தந்தை வான் லித் 171 பேருக்குத் திருமுழுக்கு அளித்தார். நாம் பொதுவாகக் குருவின் பெயரோடு நின்றுவிடுகிறோம். அந்த 171 பேரிடம் முதலில் இயேசுவைப் பற்றிப் பேசியது யார்?

சாரிக்ரோமோ என்னும் உள்ளூர்க்காரர். கால் நோயால் நடக்க முடியாதவர். புரோகோ ஆற்றுக்கு அக்கரையிலுள்ள முந்திலான் பணித்தளத்துக்கு மருத்துவம் தேடித் தவழ்ந்தே போனார் என்று இன்றும் அங்கே சொல்கிறார்கள். அருள்சகோதரர் ஒருவரின் மருத்துவத்தால் குணமடைந்தார். குணமான கால்களை இறைவார்த்தைக்கே தருவதாக நேர்ந்துகொண்டு, பர்னபா என்னும் திருமுழுக்குப் பெயரோடு வீடு வீடாக நடந்தார். அப்பகுதியின் முதல் வேதியர் அவரே. மறையுரை மேடை அவருக்கு இல்லை. திண்ணையும் வயல் வரப்பும்தான்.

1929-இல் அங்கே மாதா கெபி எழுந்தது. மே, அக்டோபர் மாதங்களில் திருப்பயணிகள் குன்றேறி வந்து செபமாலை சொல்லி, அந்த ஊற்று நீரை வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள்.