ஊசியும் சோர்வும்
(அடையாற்றில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)

1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிய இந்த அடையாற்றில் உங்களைக் காண்பதில் மகிழ்ச்சி.

தியாகராய நகரிலிருந்து கர்ப்பவதியான ஒரு சகோதரி எங்கள் வார்டுக்கு வருகிறார். அவருக்கு நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய். அவர் சம்மதித்ததால் சொல்லுகிறோம். இந்நோய்க்கு 2001 முதல் இமாடினிப் மாத்திரை உண்டு. (அதற்குக் கேட்ட காப்புரிமையை நம் சென்னை அலுவலகம் 2006-இல் மறுத்தது. 2013-இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. ஏழைகளுக்கு அது நல்ல செய்தி.) ஆனால் அம்மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடும். ஆகவே மருத்துவர்கள் பழைய மருந்தாகிய இன்டர்ஃபெரான் ஊசியைப் போடுகிறார்கள்.

1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்னும் இருவர் கண்டறிந்த இது, நம் உடலே சுரக்கும் எச்சரிக்கைப் புரதம். இது செல்லுக்குள் நுழைவதில்லை. வாசலில் தட்டிச் செய்தி சொல்லும், அவ்வளவுதான். ரங்கநாதன் தெருவில் ஒருவர் "கலகம்!" என்று கூவிக்கொண்டு ஓடிவந்தால் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்குவார்கள் அல்லவா? அப்படியே செல்லும் சில காவல் புரதங்களைப் புதிதாகச் செய்துகொண்டு, மற்றப் புரத உற்பத்தியைக் குறைக்கிறது. வைரஸ் கிருமிக்கு எதிராகத் தேவன் வைத்த ஏற்பாடு இது. ஓயாமல் புரதம் செய்து பெருகும் புற்றுச் செல்லுக்கும் இது தடையாகிறது.

ஆனால் செய்தி உடல் முழுவதற்கும் போகிறது. காய்ச்சல், நடுக்கம், தீராத அசதி, சிலருக்கு மனச்சோர்வும்கூட. அந்தச் சகோதரி ஜெபிக்கவும் முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். விசுவாசக் குறைவு என்றார்கள் உறவினர்கள். வெட்கத்தோடு சொல்லுகிறோம், நாங்களும் அப்படியே எண்ணி, நீண்ட ஜெபமும் புத்திமதியும் கொடுத்துவிட்டு வந்தோம். "ஐயா, அது மருந்து செய்கிற வேலை" என்று சொல்லித்தந்தவர் வார்டு சிஸ்டர். சூரைச்செடியின்கீழ்ச் சோர்ந்து படுத்த எலியாவுக்கு முதலில் கிடைத்தது தூக்கமும் அடையும் தண்ணீரும்தான். செமினரியில் படித்துத் தேர்வும் எழுதினோம், வார்டில் மறந்துபோனோம்.

இப்போது ஊசியை இரவில் போடுகிறார்கள். காய்ச்சல் பெரும்பாலும் தூக்கத்திலே கழிந்துவிடுகிறது. மனநிலை எப்படி என்று மருத்துவர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார். நாங்கள் ஐந்து நிமிடம் அருகே உட்கார்ந்து, சிறு ஜெபம் செய்து எழுந்துவிடுகிறோம். உங்கள் காணிக்கையிலிருந்து ஆட்டோ கட்டணமும், கூட வரும் மாமியாருக்கு மதியச் சாப்பாடும் கொடுக்கிறோம்.

பிரசவம் தை மாதத்தில். தாயையும் பிள்ளையையும் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.