முகப்பருவும் அமிலக் களிம்பும்



கெட்டிக்காரியான மாணவி ஒருத்தி பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்க மறுப்பாள். காரணம் சில வேளை அவள் கன்னத்திலே இருக்கும்.

முகப்பருவுக்கு வைத்தியர்கள் தரும் மருந்துகளுள் அசெலாயிக் அமிலக் களிம்பும் ஒன்று. அமிலம் என்றதும் ஆய்வுகூடத்துக் கந்தகவமிலத்தை எண்ணி அஞ்சவேண்டா. இது கோதுமை, வாற்கோதுமை முதலிய தானியங்களிலும் உள்ள பொருள். நூற்றுக்கு 20 பங்கு சேர்ந்த களிம்பைக் காலையும் மாலையும் மெல்லியதாகப் பூசுவர். தோற்றுளைகள் அடைபடுவதை அது குறைக்கின்றது. அங்கே பெருகும் பற்றீரியாக்களை அடக்குகின்றது. எம் போன்ற நிறத்தவர்க்குப் பரு ஆறிய பின்னும் எஞ்சும் கருமையையும் மங்கச் செய்கின்றது.

பூசியவர்கள் முதலிற் சொல்வது எரிவையும் கடியையும் பற்றியே. இரண்டாம் வாரத்திற் களிம்பைக் கைவிடுவோர் பலர். விரைவிலே மாறட்டுமென அள்ளிப் பூசிப் புண்ணாக்கிக் கொள்வோரும் உளர். பரு குறைவது தெரிய ஒரு மாதமாவது செல்லும். கருமை மங்க இன்னும் நாளாகும். இடையிலே தாய்மார் எலுமிச்சஞ்சாற்றைப் பூசிவிடுகின்றனர். அதுவும் அமிலந்தான், ஆனால் அளவறிந்து தருவார் எவருமில்லை!

எரிவு தாங்காவிடின் வைத்தியரைக் கேட்டு ஒரு வேளையாகக் குறைக்கலாம். முகம் வீங்கினால் உடனே நிறுத்தி அவரிடம் காட்டவேண்டும்.